வாட்ஸை எண்ணாதீர்கள், கதவைத் தட்டிப் பாருங்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்: காருக்குள் பாட்டு

எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் இரண்டே இருக்கையும் மடக்குக் கூரையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரைப் பார்ப்பது அபூர்வம். அலாய் வீல் மாட்டிய ஸ்விஃப்ட், கைமாறி வந்த போலோ, தவணையில் எடுத்த ஐ20 ஆகியவைதான் நம் இளைஞர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார். வண்டி வாசலுக்கு வந்து சீட் கவர் போட்டு முடித்ததும் பேச்சு பாட்டுக்குத் தாவிவிடும். "செட்டை மாத்தணும், ஸ்பீக்கர் மாத்தணும், பேஸ் நெஞ்சுல இடிக்கணும்."

இந்த ஆசையில் தப்பில்லை. கரிசல் காட்டை ஊடறுத்துப் போகும் மதுரை–தூத்துக்குடி நால்வழிச் சாலையில் நல்ல பாட்டைப் போல வழித்துணை கிடையாது. வருத்தம் வேறு இடத்தில். உழைத்துச் சேர்த்த காசின் பெரும்பகுதி அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணுக்குப் போகிறது. ஒலி உருவாகும் இடமான கதவுக்கும், மின்சாரம் வரும் ஒயருக்கும், பொருத்துகிறவரின் உழைப்புக்கும் மிச்சம் மீதிதான். கடைவாசலில் அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்ப்போம்.

நம்பிக்கை 1: "வாட்ஸ் கூடக் கூடச் சத்தம் கூடும். 1000 வாட்ஸ் போட்டா ஊரே அதிரும்."

உண்மை: கோயில் கொடைக்கு மைக் செட்காரர் உயரத்தில் கட்டும் குழாயைப் பாருங்கள். அதன் பின்பக்கம் திருகியிருக்கும் யூனிட் பெரும்பாலும் 40 வாட்ஸ், மிஞ்சினால் 60 வாட்ஸ். அந்தப் பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கிறது. கொடுக்கிற மின்சாரத்தை எவ்வளவு திறமையாக ஒலியாக மாற்றுகிறது என்பதில்தான் குழாயின் பலம் இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியில் இதற்கென்று ஓர் எண் உண்டு, அதன் பெயர் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் வரும் என்பதே அந்தக் கணக்கு. குழாய்க்கு அது 100-ஐத் தாண்டும். கார் ஸ்பீக்கர்களில் 86 முதல் 92 வரை பார்க்கலாம்.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கு" என்று தோன்றும், அவ்வளவுதான். சத்தம் இரட்டிப்பானது போல உணர வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 88 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 91 டெசிபெல் ஸ்பீக்கரைப் போட்டாலே ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) வலுவை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடும்.

அடுத்து, செட்டின் முகப்பில் மின்னும் "50 வாட்ஸ் x 4". எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். சாதாரண செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் சிப், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வோல்ட்டில் கொடுக்கக்கூடிய சுத்தமான அலையின் உச்சமே ஏறத்தாழ 26 வாட்ஸ். நடைமுறையில் 15 முதல் 20 வாட்ஸ் கிடைத்தால் நல்ல செட். சந்தேகமிருந்தால் செட்டின் பின்பக்கம் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அந்த செட் தொடர்ந்து இழுக்கக்கூடிய மொத்த மின்சாரம் 144 வாட்ஸ். அதிலும் பாதியளவு சூடாகவே போய்விடும். அப்படிப்பட்ட செட்டிலிருந்து 200 வாட்ஸ் ஒலி எப்படி வெளியே வரும்?

ஆகவே, "மேக்ஸ்", "பீக்", பழைய காலத்து "பி.எம்.பி.ஓ." ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கடந்துவிடுங்கள். தொடர்ந்து கொடுக்கும் வலுவைத் தெரிந்துகொள்ள "ஆர்.எம்.எஸ். எவ்வளவு?" என்று கேளுங்கள். 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேற்படாத ஒலிச்சிதைவு என்ற நிபந்தனையில் அளக்கும் சி.இ.ஏ.-2006 தரக்குறிப்பு இருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

நம்பிக்கை 2: "காந்தம் பெருசா இருந்தாத்தான் நல்ல ஸ்பீக்கர்."

உண்மை: ஸ்பீக்கரைக் கையில் கொடுத்து "கனத்தைப் பாருங்க அண்ணாச்சி" என்பது பழைய வியாபார உத்தி. சாதாரண ஸ்பீக்கர்களில் இருப்பது ஃபெரைட் காந்தம். நியோடிமியம் காந்தம் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலுவானது, அதனால் கைக்கடக்கமாக இருக்கும். விலை குறைந்த சில ஸ்பீக்கர்களில் காந்தத்தின் மேல் பெரிய ரப்பர் உறை போட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது சின்னதாக இருக்கும். கனத்தை வைத்து ஒலியை எடை போட முடியாது. பாட்டைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை 3: "விலை கூடின ஸ்பீக்கர் மாட்டினா போதும், சவுண்ட் தானா வந்துரும்."

உண்மை: நம் பணம் அதிகமாகத் தோற்கும் இடம் இது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தகரத்தில் கை நுழையும் அளவுக்கு இரண்டு மூன்று ஓட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரைச் சுற்றி ஓர் இடைவெளி. வெளித் தகரத்தை விரல் முட்டியால் தட்டினால் எண்ணெய் டின்னைப் போல 'டங்' என்று கேட்கும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்று உள்ளே இழுபடுகிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் அந்த ஓட்டைகள் வழியே சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் பலியாவது பேஸ். விரிசல் விட்ட கடத்தை எந்த வித்வான் மடியில் வைத்தாலும் நாதம் வராது. 20,000 ரூபாய் ஸ்பீக்கருக்கும் ஓட்டைக் கதவில் அதே கதிதான்.

மருந்து எளிது. கதவின் வெளித் தகரத்தில் உள்பக்கமாக பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். முழுவதும் மூட வேண்டிய அவசியமில்லை, தகரம் அதிரும் நடுப்பகுதிக்குப் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். உள் தகரத்தின் ஓட்டைகளை மூட வேண்டும். ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவில் உறுதியான வளையமும், காற்றுப் போகாத ஃபோம் பட்டையும் வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி தட்டிப் பாருங்கள். 'டங்' போய் 'டொப்' என்று கேட்டால் வேலை நன்றாக நடந்திருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். தார் கலந்த மலிவு ஷீட் நம் சித்திரை வெயிலில் இளகி வழியும், வண்டிக்குள் வாடை அடிக்கும். பியூட்டைல் என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்தத் துளைகளை ஷீட் மூடிவிடக் கூடாது. ஐப்பசி மழையில் கரிசல் சேறு அப்பிக் காய்ந்தும் அவை அடைபடும். ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். தண்ணீர் தேங்கினால் பிளைவுட் வளையம் உப்பும், காகிதக் கூம்பு நைந்துபோகும். நம் பக்கத்துக்கு பிளாஸ்டிக் வளையமும் பாலிபுரோப்பிலீன் கூம்பும் ஏற்றவை.

புது ஸ்பீக்கர் மாட்டியும் பேஸ் வரவில்லை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் பேஸ் காணாமல் போகும். செட்டில் பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளும்போது பேஸ் கூடி, நடுவுக்குக் கொண்டுவரும்போது குறைந்தால் இதுதான் காரணம். சரிசெய்யப் பத்து நிமிடம் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

நம்பிக்கை 4: "சின்ன வண்டி. இதுல எங்க பேஸ் வரப்போகுது?"

உண்மை: பேஸுக்குச் சின்ன வண்டிதான் வசதி. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். ஸ்விஃப்ட் வண்டியே 4 மீட்டருக்குள்தான், அதன் உட்புறம் இன்னும் சின்னது. அறையைவிட அலை நீளமாக இருக்கும்போது, ஊஃபர் உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் மொத்தமாக அழுத்தி விடுகிறது. அதனால் ஒலி கீழே போகப் போக, வண்டியே அதை உயர்த்திக் கொடுக்கும். வீட்டு ஹாலில் பெரிய பெட்டி செய்யும் வேலையை, மூடிய சின்னக் காரில் சீட்டுக்கடியில் நுழையும் எட்டு அங்குல ஊஃபர் செய்துவிடும். டிக்கியை அடைத்துக்கொண்டு பன்னிரண்டு அங்குலப் பெட்டி வைக்க வேண்டிய கட்டாயமில்லை.

உண்மையான எதிரி டயர் இரைச்சல். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்னக் காருக்குள் 70 டெசிபெலை ஒட்டி இரைச்சல் இருக்கும். அதில் பெரும்பகுதி கீழ்ஸ்தாயி, அதனால் பாட்டின் பேஸைத்தான் முதலில் விழுங்கும். கடைவாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டு திருப்திப்படாமல், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வரை ஓட்டிக் கேட்டுவிட்டு பேஸ் அளவை முடிவு செய்யுங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் ஒரு வசதியும் உண்டு. பெரும்பாலான செட்டுகளின் மெனுவில் எச்.பி.எஃப். என்று ஒரு கீழ்ஸ்தாயி வடிகட்டி இருக்கும். ஊஃபர் இருந்தால் இந்த வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். தாங்க முடியாத கீழ்ஸ்தாயிச் சுமை கதவு ஸ்பீக்கரை விட்டுப் போய்விடும், குரல் தெளியும்.

நம்பிக்கை 5: "பேஸ் இடிச்சா நல்ல செட்."

உண்மை: எட்டயபுரத்துக்காரர்கள் இதைச் சொல்லும்போது எனக்குக் கூடுதலாக வலிக்கும். முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசிக் காலத்தில் வந்து தங்கி, 1835-இல் மறைந்த ஊர் இது. அவர் சமாதி இங்கே இருக்கிறது. அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், தீட்சிதர் கீர்த்தனைகளைக் கமகக் குறியீடுகளோடு திரட்டிய 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' 1904-இல் வெளிவந்ததும் இந்த ஊரிலிருந்துதான். ஒரே மீட்டலில் நான்கு ஸ்வரங்கள் வளைந்து போவதைத் தாளில் எழுதிவைக்க முயன்ற ஊர் இது.

அந்த வளைவுகள் எல்லாம் ஒலியின் நடுப்பகுதியில் இருக்கின்றன. மனிதக் குரல், வீணை, நாதஸ்வரம் ஆகியவற்றின் உயிர் ஏறத்தாழ 200 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள்தான். அதைத் தருவது கதவு ஸ்பீக்கரும், உயர்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான டுவீட்டரும். செட் வாங்கப் போகும்போது மூன்று பதிவுகளை எடுத்துப் போங்கள். வீணைத் தனிப்பாட்டில் மீட்டிய ஒலி அடங்கும் வரை கேட்க வேண்டும். நாதஸ்வரம் உச்சஸ்தாயிக்குப் போகும்போது காது கூசக் கூடாது. தவிலில் தொப்பிப் பக்கத்தின் கனமும் வலந்தலைப் பக்கத்தின் கூர்மையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறிய செட் குத்துப்பாட்டில் தோற்காது.

நம்பிக்கை 6: "பின்னாடி பெரிய ஓவல் ஸ்பீக்கர் வெச்சாத்தான் எஃபெக்ட்."

உண்மை: மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் கச்சேரி கேட்பதில்லை. ஓட்டுகிறவருக்குப் பாட்டு முன்னாலிருந்து வர வேண்டும். கையில் அளவான பணம்தான் என்றால் முழுவதையும் முன் கதவுகளுக்கே போடுங்கள். பெரிய ஸ்பீக்கர் கதவிலும் டுவீட்டர் கண்ணாடித் தூண் பக்கமும் வரும் காம்போனன்ட் ஜோடி, டேஷ்போர்டு உயரத்தில் குரலை நிறுத்தும்.

ஸ்பீக்கர் காதுக்கு நெருங்குவதும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். கூரையில்லாமல் ஓடும் இரண்டு இருக்கை மாஸ்டா எம்.எக்ஸ்-5 வண்டியின் சில ரகங்களில் இருக்கையின் தலைசாய்ப்பிலேயே ஸ்பீக்கர் வைத்திருப்பது இதனால்தான். காற்றிரைச்சலைச் சத்தத்தால் ஜெயிக்கப் பார்க்காமல் தூரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

ஹேட்ச்பேக் வண்டியின் பின் பலகை தூக்கி எடுக்கக்கூடிய லேசான பலகை. அதில் கனமான ஓவல்களை மாட்டினால் பலகையே கடகடக்கும். திடீரென்று பிரேக் பிடித்தாலோ மோதினாலோ, சரியாகப் பூட்டாத பலகை ஸ்பீக்கரோடு பின்சீட்டில் இருப்பவர்களின் தலைக்கு வரும். குழந்தைகள் உட்காரும் வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம்.

நம்பிக்கை 7: "ஆம்ப் சின்னதா இருந்தா ஸ்பீக்கர் கருகாது."

உண்மை: சின்ன ஆம்பை முறுக்கி முறுக்கி வைத்துத்தான் நிறையப் பேர் டுவீட்டரை எரிக்கிறார்கள். ஆம்ப் தன் வரம்பைத் தாண்டும்போது ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை சுருளுக்குள் அனுப்பும் சராசரி வெப்பம் கூடிவிடும், டுவீட்டருக்குப் போகும் உயர்ஸ்தாயிச் சுமையும் கூடும். பாட்டு கரகரக்கத் தொடங்கினால் சுருள் சூடேறுகிறது என்று அர்த்தம். உடனே குறையுங்கள். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலான ஆம்பை அளவோடு ஓட்டுவது ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு. ஆம்பில் உள்ள கெயின் திருகு சத்தம் கூட்டுவதற்கு வைத்ததல்ல, செட்டின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு வைத்தது.

நம்பிக்கை 8: "ஒயர் எதுவா இருந்தா என்ன? ஹெட்லைட் மங்கினா கெபாசிட்டர் போட்டுக்கலாம்."

உண்மை: ஆம்ப் போடும் வண்டியில் தீப்பிடிக்கும் வாய்ப்பு இந்த அலட்சியத்தில்தான் இருக்கிறது. பேட்டரியின் ப்ளஸ்ஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அது காப்பாற்றுவது ஒயரை. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் தகர விளிம்பு ஒயரை அறுக்காதபடி ரப்பர் வளையம் வேண்டும். வயக்காட்டு ஓரம் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியையும் மறக்க வேண்டாம். ஒயருக்கு மேல் உறைக்குழாய் போடச் சொல்லுங்கள்.

சந்தையில் வரும் மலிவு கிட்டுகளில் நிறைய, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அலுமினியம் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பல்ல. அதைப் போடுவதானால் ஒரு அளவு தடிமன் கூட்டிப் போட வேண்டும்.

ஒரு ஃபாரட் கெபாசிட்டர், 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது சுமார் 32 ஜூல். 500 வாட்ஸ் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குக்கூடக் காணாது. விளக்கு மங்கினால் முதலில் எர்த் ஒயர் மாட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிச் சுத்தத் தகரத்தில் முடுக்குங்கள். அப்புறம் பேட்டரி, ஆல்டர்னேட்டர்.

நம்பிக்கை 9: "ஒரு தடவை போட்டா வண்டி ஆயுசுக்கும் உழைக்கும்."

உண்மை: நம் வெயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மின்னணுப் பலகைகளில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் பாதியாகும். அதனால் நம் பக்கத்துக்கு கிளாஸ் டி ஆம்ப் நல்லது. அது பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரத்தை ஒலிக்கே கொடுத்துவிடும், கிளாஸ் ஏபி ரகம் பாதியளவைச் சூடாக்கிவிடும். சீட்டுக்கடியில் வைத்தால் ஆடிக்காற்றில் வரும் செம்புழுதியும் கரிசல் தூசியும் ஆம்பின் விலாவில் படியும். வருடத்துக்கொருமுறை பிரஷ்ஷால் தட்டி விடுங்கள்.

நம்பிக்கை 10: "பழைய பாட்டை 320-க்கு மாத்திப் பென்டிரைவ்ல போட்டா புதுசாக் கேட்கும்."

உண்மை: 128 கே.பி.பி.எஸ். அளவில் சுருக்கும்போது தொலைந்த விவரம், 320-க்கு மாற்றினால் திரும்ப வராது. கோப்பு மட்டும் பெருக்கும். 1970களின் பிற்பகுதி வரை வந்த தமிழ்ப் படப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. எம்.ஜி.ஆர்., சிவாஜி பாட்டில் இடம் வலம் பிரிந்து கேட்கவில்லை என்று செட்டைக் குறை சொல்ல வேண்டாம். முறையாக வெளியிட்ட நல்ல பதிவை வாங்கிப் போடுங்கள்.

நம்பிக்கை 11: "என் வண்டி, என் பாட்டு, எவ்வளவு வெச்சா யாருக்கு என்ன?"

உண்மை: முதல் நட்டம் உங்கள் காதுக்கு. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பரவலாக ஏற்ற வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் வெறும் 15 நிமிடம். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பின்னால் வரும் 108 வண்டியின் சைரன் உங்களுக்குக் கேட்காமல் போனால், நட்டம் முகம் தெரியாத ஒரு நோயாளிக்கு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கவும் அவை இடம் தருகின்றன.

அப்படியானால் எப்படிச் செலவழிப்பது?

முதலில் இருக்கிற செட்டையும் ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டே முன் கதவுகளை அடைத்து, டேம்பிங் ஷீட் போடுங்கள். பல வண்டிகளில் இதோடு மனம் நிறைந்துவிடும். நிறையாவிட்டால் சென்சிட்டிவிட்டி கூடிய முன் ஸ்பீக்கர் ஜோடி. மூன்றாவதாக அளவான கிளாஸ் டி ஆம்ப், செம்பு ஒயரோடு. நான்காவதாகச் சீட்டுக்கடி ஊஃபர். கம்பெனி செட் நன்றாக இருந்தால் அதைக் கடைசி வரை மாற்ற வேண்டியதில்லை. மாற்றினால் கம்பெனி ஒயரை வெட்டாமல், அந்த வண்டிக்குரிய கப்ளர் வாங்கி மாட்டுங்கள். ஒயரை வெட்டினால் மின்பகுதியின் வாரன்டி தகராறாகும்.

பொருத்துகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஆர்.எம்.எஸ். எவ்வளவு? கதவை அடைத்துத் தருவீர்களா? பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் எங்கே போடுவீர்கள்? ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் மறுபடி சரிசெய்து தருவீர்களா? நான்குக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற மெக்கானிக் நம் பக்கத்திலேயே இருக்கிறார். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். அந்த அரைநாள் உழைப்புக்குக் கொடுக்கும் காசுதான் மொத்தச் செலவிலும் அதிகமாகக் காதுக்குத் திரும்பி வருவது.